"ஒரு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வரியை முன்வைத்து, குழந்தைநல மருத்துவர்களுக்கும் சுகாதாரச் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழந்தைநல மருத்துவர்களுக்கும், கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

நான் நாமக்கல் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் பாடம் நடத்துபவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எங்கள் வீட்டு மாடியில் ஏறி நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோழிப் பண்ணையின் நீளக் கூரை ஒன்றாவது கண்ணில் படும். முட்டை ஏற்றிய லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டுத்தான் தினமும் பள்ளிக்குப் போய் வருகிறேன். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் மூத்த மகள், பதின்மூன்று மாதம் ஆகும்வரை முட்டையை நாவில் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் பணமுடையும் இல்லை, சைவ வழக்கமும் இல்லை. "முட்டை: ஒரு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்" என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதப்பட்டிருந்த ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த வரியை இனி எந்தச் சீட்டிலும் எழுத வேண்டாம் என்றும், அதன் இடத்தில் வேறொன்றை எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்காம் மாதத்தில் மகளின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் சிவந்து, சொரசொரத்து, நீர் கசியத் தொடங்கியது. மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். கூடவே முட்டையைத் தள்ளிப்போடச் சொன்னார். என் மாமியாருக்கு அதில் பெரிய நிம்மதி. "கரப்பான் இருக்கற பிள்ளைக்கு முட்டையைக் குடுத்தா உடம்பெல்லாம் பரவிப்போகும் கண்ணு" என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை, முட்டை என்று நீளும் அவருடைய கரப்பான் பண்டங்களின் பட்டியலும் மருத்துவரின் சீட்டும் ஒன்றுபோலப் பேசியதால், வீட்டில் யாருக்கும் மறு பேச்சு இருக்கவில்லை. பதின்மூன்றாம் மாதம், உறவினர் வீட்டுக் காதுகுத்தில், இலையில் இருந்த முட்டைப் பொரியலில் ஒரு விரல் நுனியளவு எடுத்து யாரோ ஊட்டினார்கள். பத்து நிமிடத்துக்குள் உடல் முழுவதும் காணாக்கடி போலத் தடித்தது, கண்ணிமை வீங்கியது, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மருத்துவமனையில் சில மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். தோல் பரிசோதனையில் முட்டை ஒவ்வாமை உறுதியானது. அதன்பின் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், பேக்கரியில் ஒரு பன் வாங்கினாலும் அதன்மேல் என்ன தடவியிருக்கிறார்கள் என்று விசாரித்தே வாழ்ந்தோம். இப்போது அவள் முட்டை சாப்பிடுகிறாள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த ஒவ்வாமை வளர வளர நீங்கிவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அந்த மருத்துவர்மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆறாம் மாதமே முட்டை கொடுத்திருந்தால் இது வந்திருக்காது என்று எவராலும் உறுதிகூற முடியாது. அதற்குள்ளேயே ஒவ்வாமை தொடங்கியிருந்தாலும் வியப்பதற்கில்லை. ஒரு வீட்டில் நடந்தது சான்றாகாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். ஆகவே சான்றுக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதும் அந்த வரிக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்குப் பசும்பாலை ஒரு வயது வரையும், முட்டையை இரண்டு வயது வரையும், நிலக்கடலையையும் மீனையும் மூன்று வயது வரையும் தள்ளிப்போடச் சொன்னது. அன்று அதற்கு வலுவான ஆதாரம் இருக்கவில்லை. எச்சரிக்கையாக இருப்பது நல்லது என்ற எண்ணம்தான் இருந்தது. 2008-இல் அதே கழகம், தள்ளிப்போடுவதால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்று கூறி அந்த அறிவுரையைக் கைவிட்டது. கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அது நம் ஊர்ச் சீட்டுகளில் "ஒரு வயது" என்று குறுகிய வடிவில் உயிரோடிருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும் என்றும், 6 முதல் 23 மாத வயதில் முட்டை, மீன், இறைச்சி போன்ற விலங்குவழி உணவுகள் நாள்தோறும் இடம்பெற வேண்டும் என்றும் கூறுகிறது. அதில் முட்டைக்கு மட்டும் ஒரு வயது என்ற விலக்கு ஏதும் இல்லை.

தள்ளிப்போடுவது காக்கவில்லை என்பதோடு நின்றிருந்தால், இது வெறும் தேவையற்ற எச்சரிக்கை என்று விட்டுவிடலாம். ஆனால் தள்ளிப்போடுவதே தீங்காகலாம் என்பதற்குச் சான்று வந்திருக்கிறது. ஜப்பானில், கரப்பான் உள்ள 147 குழந்தைகளிடம் நடந்து 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதில் மிகத் தெளிவானது. ஒரு சாராருக்கு ஆறாம் மாதத்திலிருந்து நாள்தோறும் 50 மில்லிகிராம், ஒன்பதாம் மாதத்திலிருந்து 250 மில்லிகிராம் என்று வேகவைத்த முட்டைப் பொடி கொடுத்தார்கள். மறுசாராருக்கு முட்டையே இல்லாத பொடி. ஒரு வயதில் பார்த்தபோது, முட்டை பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் முட்டை ஒவ்வாமை இருந்தது. வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன்: அந்தக் குழந்தைகளின் தோலை முதலில் களிம்பு இட்டு ஆற்றி, ஆற்றிய நிலையிலேயே வைத்திருந்துதான் முட்டையைக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் ஜப்பானின் குழந்தைநல ஒவ்வாமை மருத்துவர் சங்கமும், கரப்பானை அடக்கிய பின் ஆறாம் மாதத்திலிருந்து சிறிதளவு முட்டை தொடங்குமாறு அறிவுறுத்தியது.

தோலை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் வியப்பூட்டியது. வயிற்றின் வழியாக வரும் உணவை உடல் தன்னுடையதாக ஏற்கப் பழகுகிறது. அதே உணவின் புரதம் வெடித்துப் புண்ணான தோலின் வழியாக முதலில் நுழைந்தால், பகையாகப் பதிவுசெய்துகொள்கிறது. பிரிட்டனின் ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லேக் முன்வைத்த கருத்து இது. 2015-இல் அவருடைய குழு வெளியிட்ட நிலக்கடலை ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது. முட்டை சமைக்கும் வீடுகளில் படுக்கைத் தூசியில்கூட முட்டைப் புரதம் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். தினமும் ஆம்லெட் போட்ட கை. அந்தக் கையால் குழந்தையின் கன்னத்தில் களிம்பு. வாய்க்கு மட்டும் முட்டை கிடையாது. வாயிற்கதவைப் பூட்டிவிட்டு, இடிந்த கொல்லைச் சுவரைத் திறந்து விட்டிருக்கிறோம். கரப்பானுக்கும் முட்டைக்கும் தொடர்புண்டு என்று பார்த்த என் மாமியாரின் கண் பிழையானதன்று. எது முந்தியது என்பதில்தான் அவரும் மருத்துவரும் நானும் தவறினோம். ஆகவே கரப்பானோடு ஒரு குழந்தை உங்களிடம் வரும்போது, முட்டையைத் தடுப்பதைவிடத் தோலை விரைவாக ஆற்றுவதும், களிம்பைத் தொடுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவச் சொல்வதும் முதல் வேலையாக வேண்டும்.

"வேகவைத்த" என்ற சொல் இதில் உயிர்நாடியானது. ஆஸ்திரேலியாவில் 2013-இல் வெளியான ஆய்வொன்றில், மிதமான அல்லது கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து பச்சை முட்டைப் பொடியைக் கொடுத்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு எதிர்வினை ஏற்பட்டது. ஜெர்மனியிலும் பச்சை முட்டை வெள்ளைக்கருப் பொடியை வைத்து நடந்த ஆய்வில் சில குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்தான எதிர்வினை வந்தது; பயனும் கிடைக்கவில்லை. வெள்ளைக்கருவில் மிகுதியாக உள்ள ஓவால்புமின் வெப்பத்தில் உருக்குலையும். ஓவோமியூக்காய்டு என்ற மற்றொரு புரதம் வெப்பத்தைப் பெரிதும் தாங்கும். அதனால் வேகவைத்த முட்டை முற்றிலும் தீங்கற்றதாகிவிடாது, ஆனால் பச்சை முட்டையைவிட வெகுவாகத் தணிந்திருக்கும். சால்மோனெல்லாக் கிருமிக்கும் வேகவைப்பதே காப்பு. நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றினால் பிள்ளை தேறும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. "முட்டை கொடுக்கலாம்" என்று மட்டும் நீங்கள் சொல்லி அனுப்பினால், அது அரைவேக்காடாகவோ பச்சையாகவோ குழந்தையின் வாய்க்குப் போகக்கூடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. முட்டை தரச் சொல்லும் மருத்துவர்களிலும் பலர், "முதலில் மஞ்சள்கரு மட்டும், வெள்ளைக்கரு ஒரு வயதுக்கு மேல்" என்கிறார்கள். ஒவ்வாமை தரும் முக்கியப் புரதங்கள் இருப்பது வெள்ளைக்கருவில். குழந்தையின் உடல் பழகவேண்டியதும் அதற்குத்தான். மஞ்சளில் ஓரிரு நாள் தொடங்குவதில் தவறில்லை. மாதக்கணக்கில் அதிலேயே நிற்பது, தள்ளிப்போடுவதையே வேறு பெயரில் செய்வதாகும்.

எப்படித் தொடங்குவது என்பதை, உங்களில் ஒருவர் என் இரண்டாம் பிள்ளையின்போது சொல்லித் தந்தபடியே இங்கே எழுதுகிறேன். அவர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியர். சீட்டு எதுவும் எழுதவில்லை, என்னிடமும் சொல்லவில்லை, கூட வந்திருந்த என் மாமியாரிடம் சொன்னார். ஆறு மாதம் நிறைந்து, தலை நின்று, பிடித்தால் உட்கார்ந்து, கஞ்சியையும் பருப்புச் சோற்றையும் நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்கப் பழகியிருக்க வேண்டும். தண்ணீர் கொதித்த பின் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு, மஞ்சள்கரு பொடியாக உதிரும் பதத்தில் எடுக்க வேண்டும். வெந்த வெள்ளைக்கரு வழுக்கும், துண்டாகத் தந்தால் தொண்டையில் அடைக்கும் என்பதால், வெள்ளையையும் மஞ்சளையும் சேர்த்து நன்றாக மசித்து, தாய்ப்பாலிலோ வழக்கமான கஞ்சியிலோ குழைக்க வேண்டும். காய்ச்சலோ சளியோ இல்லாத ஒரு நாளில், காலை வேளையில், வேறு புது உணவு எதுவும் தராமல், கால் தேக்கரண்டி. பிறகு இரண்டு மணி நேரம் யாராவது பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஓரிரு நாள் கழித்து அரைத் தேக்கரண்டி. அப்படியே கூட்டிக்கொண்டு போய், வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது விடாமல் தர வேண்டும்.

இந்த "விடாமல்" என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். ஒரு முறை கொடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை என்று மாதக்கணக்கில் நிறுத்திவிட்டால், பழகிய உடல் மறந்துவிடலாம். விடாமல் தருவது எவ்வளவு முக்கியம், எவ்வளவு கடினம் என்பதை 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று சுட்டுகிறது. மூன்றாம் மாதத்திலிருந்தே முட்டை உள்ளிட்ட ஆறு உணவுகளைத் தரச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களால் சொன்ன அளவைக் கடைப்பிடிக்க முடியவில்லை. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் உறுதிப்படவில்லை. கடைப்பிடித்தவர்களிடம் மட்டும் முட்டை ஒவ்வாமை 5.5 விழுக்காட்டுக்கு எதிராக 1.4 விழுக்காடாக இருந்தது. மூன்றாம் மாத அவசரம் நமக்குத் தேவையில்லை; ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதில் எந்த மாற்றமும் நான் கேட்கவில்லை. எளிமையாகச் சொல்லப்படாத அறிவுரையை வீடுகள் கடைப்பிடிக்காது என்பதையே இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாக் குழந்தைக்கும் வீட்டிலேயே தொடங்கலாம் என்று நான் வாதாட வரவில்லை. களிம்புக்கும் அடங்காத கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே ஏதாவது உணவுக்கு உடனே தடித்த குழந்தைக்கும் முதல் வாய் முட்டை உங்கள் ஆலோசனையோடுதான் போக வேண்டும். அத்தகைய குழந்தையைப் பிரித்தறிவதே உங்கள் சந்திப்பின் பயனாக இருக்கட்டும். மற்ற குழந்தைகளுக்கு முன்னெச்சரிக்கையாக இருபது முப்பது உணவுகளுக்கு ரத்தப் பரிசோதனை எழுத வேண்டாம் என்றும் வேண்டுகிறேன். அப்பரிசோதனையில் அளவு கூடியிருப்பது ஒவ்வாமை ஆகிவிடாது. நன்றாகத் தின்றுகொண்டிருந்த உணவையும் நிறுத்தி, பிள்ளையை மெலியவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

எதிர்வினை வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் முட்டையைத் தொடங்கச் சொல்வது நேர்மையாகாது. வாயைச் சுற்றி மட்டும் சற்றுச் சிவந்து, துடைத்ததும் அடங்கினால் அது பெரும்பாலும் தோலில் பட்டதால் வருவது. மறுமுறை குறைவாகத் தந்து பார்க்கலாம். உடலில் தடிப்பு, முக வீக்கம், வாந்தி என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, விடாமல் இருமினாலோ, குழந்தை வெளிறித் துவண்டாலோ தாமதமின்றி 108-ஐ அழைக்க வேண்டும். துவண்ட குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போடாமல் படுத்தபடி ஏந்திச் செல்ல வேண்டும். அந்நிலையில் முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி சிரப் அதற்கு ஈடாகாது. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் காதுகுத்து அன்று நாங்கள் முதலில் ஓடிய இடத்தில், வீங்கிய கண்ணோடு வாந்தி எடுத்த குழந்தைக்குச் சிரப்பை ஊற்றிவிட்டு "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றுதான் சொன்னார்கள். இரவுப் பணியில் இருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் அந்த ஊசியும், எடைக்கேற்ற அளவை எழுதிய தாளும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை ஒவ்வாமை என்றதும் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியையும் நிறுத்திவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சில தட்டம்மைத் தடுப்பூசிகளுக்கான கிருமி கோழிக் கருவின் உயிரணுக்களில் வளர்க்கப்படுவது உண்மை. முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் அந்த ஊசியைப் பாதுகாப்பாகப் போடலாம் என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு வரும் பெற்றோரிடம் இரண்டாவதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

பணக்கார நாடுகளின் ஒவ்வாமைக் கவலையை இங்கே ஏன் இறக்குமதி செய்கிறாய் என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் நாட்டில் உணவு ஒவ்வாமை ஆஸ்திரேலியா அளவுக்குப் பரவலாக இல்லை. என் மகள் சிறுபான்மையில் ஒருத்தி. அப்படியானால் அந்தச் சிறு அச்சத்துக்காக எல்லாக் குழந்தைகளிடமிருந்தும் ஆறு மாத முட்டையைப் பறிப்பதற்கு இன்னும் குறைந்த நியாயமே மிஞ்சுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் 11.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்கு உயர்தரப் புரதமும், மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலினும், பி12 உயிர்ச்சத்தும் இருக்கின்றன. இரண்டு கரண்டிக்கு மேல் கொள்ளாத சின்ன வயிற்றுக்கு இவ்வளவு அடர்த்தியான உணவு எளிதில் கிடைப்பதில்லை. எக்வடோரில் 6 முதல் 9 மாத வயதில் தொடங்கி ஆறு மாதம் நாளொரு முட்டை கொடுத்தபோது வளர்ச்சிக் குறைவு 47 விழுக்காடு குறைந்தது. மலாவியில் அதேபோலச் செய்தபோது உயரத்தில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. முட்டை மந்திரக்கோல் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரும்புச்சத்துக்கு அதை மட்டும் நம்பவும் கூடாது. முட்டை உண்ணாத குடும்பங்களை வற்புறுத்தவும் வேண்டாம். அவர்களுக்குப் பருப்பையும் தயிரையும் நிலக்கடலை விழுதையும் வழிகாட்டலாம். ஆனால் தின்னும் வழக்கமுள்ள வீட்டில், கையெட்டும் தூரத்தில் இருந்தும், ஒரு பழைய வரியால் அது குழந்தைக்கு எட்டாமல் போவது வீண்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். உங்கள் மையத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாவுதான், முட்டை அதன் பிறகே. இது வழங்கும் முறை. ஆனால் எங்கள் தெருவில் இதையே மருத்துவ விதியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்: "கவர்மென்ட்டே ஒரு வயசுக்கு மேலதான குடுக்குது" என்கிறார்கள். மாவுப் பொட்டலத்தைக் கையில் தரும்போது, வீட்டில் முட்டை இருந்தால் இப்போதே தொடங்கலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். அதை இளம் தாயிடம் மட்டும் சொல்லாமல், மாமியாரோ அம்மாயியோ வரும் நாள் பார்த்து அவர்களிடமும் சொல்லுங்கள். முட்டையை வேகவைப்பவரும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்பவரும் பெரும்பாலும் அவர்கள்தாம். என் மகனுக்கு முதல் கால் தேக்கரண்டியை மசித்தது, கரப்பான் பண்டம் என்று சொன்ன அதே மாமியார்.

சீட்டில் இடம் குறைவு என்பதை அறிவேன். பழைய வரியை அடித்துவிட்டு எழுத ஏற்ற வாசகம் ஒன்றைத் தருகிறேன், பிழையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்:

"ஆறு மாதம் நிறைந்ததும் நன்றாக வெந்த முட்டை, வெள்ளையும் மஞ்சளும் மசித்து, காலையில் கால் தேக்கரண்டி, இரண்டு மணி நேரம் அருகில் இருக்கவும், சிறிது சிறிதாகக் கூட்டி வாரம் இரண்டு மூன்று முறை தொடரவும். பச்சை முட்டை, அரைவேக்காடு கூடாது. தோலில் கரப்பான் இருந்தால் முதலில் என்னிடம் காட்டவும். மூச்சு இழுத்தால், துவண்டால் 108."

இப்படிக்கு,
நாமக்கல் மாவட்டத்துத் தாய் ஒருத்தி